பத்திரிகை வைக்காத வீடு: கல்யாண வீட்டார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரங்கூனில் என் தங்கை மகள் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், பெகு ஊரிலிருந்து அத்தை போன் செய்தார். அப்பாவின் சித்தப்பா மகள், எனக்கு ஒன்றுவிட்ட அத்தை. நலம் விசாரித்தார். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். பந்தியில் என்ன பாயசம் என்றும் கேட்டார். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

"எனக்குச் சாப்பாடு வேணாம்ப்பா. ஆனா ரங்கூன் தெயின்ஜி சந்தையில பூக்காரி சொல்லியா எனக்குத் தெரியணும்? 'உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நாப்பது முழம் கட்டிக் கொடுத்தேன், உங்களைத்தான் அங்க காணோம்'னு கேக்குறா. வாங்க வந்ததை வாங்காம, வெறும் பையோட பஸ் ஏறிட்டேன்."

அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் கூப்பிட்டது 180 பேர். அதற்கு மேல் கோயில் மண்டபமும் தாங்காது, எங்கள் கையும் தாங்காது. தாய்மாமன் என்பதால் பட்டியல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அத்தை பெயரை அடித்தது நான்தான். அடித்ததைத் தவறென்று இன்றும் நான் நினைக்கவில்லை. அடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் தவறு. அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் செய்தவை, மற்ற வீடுகளில் நான் பார்த்தவை எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அடுத்து கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

பர்மாவில் பட்டியல் நீள்வதற்குக் காரணம் இருக்கிறது. 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது பாதிப் பேர் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். 1962-இல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார், 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. மிச்சமிருந்தவர்களில் பெருங்கூட்டம் அப்போது கப்பலேறியது. அண்ணன் சென்னையில், தம்பி தட்டோனில் என்று ஆனது. ரத்த சொந்தம் போன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மாமா ஆனார், அப்பாவோடு அரிசி ஆலையில் வேலை பார்த்தவர் பெரியப்பா ஆனார். மூன்று தலைமுறையாக முறை வைத்துக் கூப்பிட்டுப் பழகிய பிறகு யார் சொந்தம், யார் பழக்கம் என்று பிரிக்க முடியாது. ஆகவே இங்கே 'நம்மைக் கூப்பிடுவார்கள்' என்று காத்திருக்கும் வீடுகள், நாம் நினைப்பதைப் போல இரண்டு மடங்கு இருக்கும்.

கோடு போடுவதில் வரும் தவறு

முதல் தவறு பட்டியல் எழுதும்போதே நடந்துவிடுகிறது. 'இவர் நல்லவர், இவர் வேண்டாம், இவர் போன கல்யாணத்தில் சண்டை போட்டவர்' என்று ஆளைப் பார்த்துப் பெயர் எழுதுகிறோம். மூன்று சித்தப்பாவில் இருவரைக் கூப்பிட்டு ஒருவரை விட்டால், விடுபட்டவருக்கு மட்டுமல்ல, வந்த இருவருக்கும் பந்தியில் சோறு இறங்காது. அதனால் முறையைப் பார்த்துக் கோடு போடுங்கள். 'அப்பா அம்மாவோடு கூடப்பிறந்தவர்கள் வரை' என்றால் அத்தனை பேரும் உள்ளே, அதற்கு அடுத்த முறை முழுவதும் வெளியே. ஒன்றுவிட்டவர்களைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தால் எல்லா ஒன்றுவிட்டவர்களையும் கூப்பிட வேண்டும். கோடு எங்கே விழுகிறது என்பதைவிட அது வளையாமல் இருப்பது முக்கியம். 'எங்க முறையில யாரையும் கூப்பிடலை' என்று கேட்டால் மனசு ஆறிவிடும். 'என்னை மட்டும் விட்டுட்டாங்க' என்பது ஆறாது.

நாங்கள் எங்கே வளைத்தோம் தெரியுமா? அப்பாவின் இன்னொரு சித்தப்பா மகன் கோயில் கமிட்டியில் இருக்கிறார். மண்டபம் கிடைக்க உதவினார், அவரைக் கூப்பிட்டோம். அவரும் பெகு அத்தையும் ஒரே முறை. அத்தை போனில் அதைச் சொல்லவில்லை. ஆனால் தெரிந்திருக்கும்.

கோட்டைத் தாண்டியும் கூப்பிட வேண்டியவர்கள் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்கப் பழைய மொய் நோட்டைத் திறந்து பாருங்கள். இதைச் செய்யாமல் பட்டியல் எழுதுவது பெரிய தவறு. தங்கம் இங்கே டிக்கல் கணக்கு, ஒரு டிக்கல் சுமார் 16 கிராம், அதில் 16 பே. உங்கள் மூத்த மகள் கல்யாணத்தில் ஒருவர் இரண்டு பே மோதிரம் போட்டிருப்பார். அன்றைக்குக் கையில் இல்லாமல் கடன் வாங்கிக்கூடப் போட்டிருப்பார். இளையவள் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை என்றால் வாங்கியதை ஏப்பம் விட்டதாகத்தான் ஊர் சொல்லும். மோதிரத்துக்காகக் கூப்பிடுவதா என்று சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம். இருக்கட்டும், கூப்பிடுங்கள்.

பத்திரிகையே ஊரைக் கூட்டும்

இதை யாரும் கவனிப்பதில்லை. 180 பேருக்குச் சமையல் சொல்லிவிட்டு, பத்திரிகையில் 'தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து' என்று அச்சடிக்கிறோம். அச்சகத்துக்காரர் போன கல்யாணத்தின் வாசகத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார். நாமும் பெயர்களில் மட்டும் பிழை பார்த்துவிட்டுச் சரி என்கிறோம். அதைப் படித்துவிட்டு ஒருவர் மருமகளின் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தால் அவர் மேல் குற்றமில்லை. ஆட்களைக் குறைப்பதாக இருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். பத்திரிகை கொடுக்கும்போது 'நீங்களும் அக்காவும் வரணும்' என்று தலையை எண்ணிச் சொல்லுங்கள். வாய் தவறிக்கூட 'வீட்டோட வந்துடுங்க' என்று சொல்லாதீர்கள்.

பத்திரிகையின் அடியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று பெயர் போடுவதிலும் ஒரு வம்பு உண்டு. பெருமைக்காகப் பெரியவர்கள் பெயரை எல்லாம் போட்டுவிட்டு, அதில் ஒருவருக்குப் பத்திரிகை வைக்காமல் விட்ட வீட்டை எனக்குத் தெரியும். தன் பெயர் அச்சான பத்திரிகையை அந்தப் பெரியவர் பக்கத்து வீட்டு டீவி மேல் பார்த்தார்.

வைபர் குழுவில் பத்திரிகையைப் படம் பிடித்துப் போடுவது அடுத்த தவறு. எழுபது பேர் இருக்கும் குடும்பக் குழுவில் போட்டால் அது அழைப்பா, தகவலா? ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். 'குழுவில போட்டதையா அழைப்புன்னு நினைச்சு வர்றது' என்று கூப்பிட வேண்டியவர் வராமல் இருப்பார். கூப்பிடாதவர் பட்டுச்சேலையோடு வந்து நிற்பார். ரகசியமாகவே நடத்திவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். இங்கே பேஸ்புக்கைத் தடை செய்து வருடங்கள் ஆனாலும், கல்யாணப் போட்டோ மட்டும் தாலி கட்டிய அரை மணி நேரத்தில் எல்லார் கைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கேட்டால் மழுப்புவது, பழியைத் தள்ளுவது

'என்னப்பா, பாப்பாவுக்குக் கல்யாணமாமே' என்று ஒருவர் கேட்டால், கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்தும் 'இன்னும் எதுவும் முடிவாகலை, சொல்றேன்' என்று நழுவுகிறோம். அந்த 'சொல்றேன்'-ஐ அவர் வாக்காக எடுத்துக்கொள்கிறார். அன்றைக்கு லீவு சொல்லி, சேலை எடுத்து வைத்து, பேத்திக்குச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். முதலிலேயே இல்லை என்றிருந்தால் ஒரு நாள் வருத்தத்தோடு போயிருக்கும்.

சம்பந்தி வீட்டின் மேல் பழி போடுவது அதைவிட மோசம். 'நாங்க கூப்பிடலாம்னுதான் இருந்தோம், மாப்பிள்ளை வீட்டுல ஆள் குறைக்கச் சொல்லிட்டாங்க.' சொல்வதற்குச் சுலபம். ஆனால் அந்தப் பேச்சு ஒரு மாதத்தில் சம்பந்தியம்மா காதுக்குப் போகும். அதன் பிறகு பதில் சொல்ல வேண்டியது நாம் இல்லை, அந்த வீட்டில் வாழப்போன பெண்.

பொய்க் காரணமும் நிற்காது. வெளியூர் ஆட்களைக் குறைப்பதற்கு இங்கே உண்மையான காரணங்களே போதுமான அளவு இருக்கின்றன. இரவு தங்கும் விருந்தாளியின் பெயரை வார்டு ஆபீசில் பதிய வேண்டும் என்ற விதி 2016-இல் போய், 2021 பிப்ரவரியில் திரும்பி வந்துவிட்டது. மோல்மீனிலிருந்து 300 கிலோமீட்டர் வருபவர் தங்கித்தான் ஆக வேண்டும். இருபது பேர் தங்கினால் இருபது பேருக்கும் பதிய வேண்டும், பாய் தலையணை வேண்டும், கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். மோல்மீன்காரரிடம் இதைச் சொன்னால் புரிந்துகொள்வார். ஆனால் பெகு 80 கிலோமீட்டர், காலையில் வந்து மாலையில் திரும்பிவிடலாம். அத்தையிடம் 'தங்க இடமில்லை, அதான்' என்று போனில் நான் உளறினேன். "நான் எப்பப்பா உங்க வீட்டுல தங்கினேன்?" என்றார்.

யாரோ வரவில்லை, இடம் காலியாகிவிட்டது என்று கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் வேண்டாம். ஒப்புக்கு வைத்த பத்திரிகை என்பது வாங்குகிறவருக்குத் தெரியும்.

'அவரால் வர முடியாது' என்று நாமே முடிவு செய்துவிடுவதும் உண்டு. படுக்கையில் இருக்கும் பாட்டிக்கும், அறுபதுகளில் ஊர் போய்ச் சென்னையிலும் திருச்சியிலும் பர்மா காலனிகளில் இருக்கும் சொந்தங்களுக்கும் பத்திரிகை போக வேண்டும். அவர்கள் வரப்போவதில்லை, பந்தியில் ஓர் இலைகூட அதிகமாகாது. அதை அலமாரியில் வைத்துப் பத்து வருடம் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

சொல்வது எப்படி

கூப்பிடாத வீட்டுக்குக் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே, முதல் பத்திரிகை வெளியே போவதற்குள், நாமே போய்ச் சொல்லிவிட வேண்டும். தூரம் என்றால் போன். அந்த வீட்டோடு அதிகம் பழகியவர்தான் சொல்ல வேண்டும், கல்யாணப் பெண்ணை அனுப்பாதீர்கள். கையில் பழம் கொண்டு போகலாம், வெற்றிலை பாக்குத் தட்டு வேண்டாம். தட்டு வைத்தால் அது அழைப்பு ஆகிவிடும். பர்மியர்களுக்கும் இது உண்டு. அந்தக் காலத்தில், பையன்களை இளந்துறவியாக்கும் ஷின்பியூ விழாவுக்கு லப்பே என்னும் ஊறல் தேயிலையை வீடு வீடாகக் கொண்டுபோய் நீட்டி அழைப்பார்கள். ஒரு வாய் எடுத்துத் தின்றால் வருகிறேன் என்று பொருள்.

என்ன பேசுவது? கோட்டை வளைக்காமல் இருந்து, நான் அத்தையிடம் போய் இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்: "அத்தை, பாப்பாவுக்கு வைகாசியில கல்யாணம். மண்டபம் சின்னது, அப்பாவோட கூடப்பிறந்தவங்க வரைக்கும்தான் கூப்பிடுறோம், அதுக்கு அடுத்த முறையில யாரையும் கூப்பிடலை. வேற யாரும் சொல்லி நீங்க கேட்கக் கூடாதுன்னு நானே வந்தேன். முடிஞ்சதும் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரேன், ஆசீர்வாதம் பண்ணணும்." அவ்வளவுதான். அதற்கு மேல் மண்டப வாடகை, அரிசி விலை என்று இழுத்தால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவர் ஒரு வழி சொல்வார். 'நான் நின்னுக்கிட்டே சாப்பிட்டுக்கிறேன்' என்பார். அப்போது என்ன செய்வீர்கள்?

திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். சிலர் உள்ளூர நிம்மதி அடைவார்கள் என்பதும் உண்மை. ஆடியிலும் மார்கழியிலும் நாம் கல்யாணம் வைப்பதில்லை. பர்மிய வீட்டில் சம்பந்தம் என்றால் வாசோ என்னும் பர்மிய மாதத்திலிருந்து தடிஞ்யுட் மாதம் வரையிலான மூன்று மாத விரத காலமும் போய்விடும். மிச்சமிருக்கும் ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம் விழும்போது, மூன்று இடத்தில் மொய் எழுத யாரிடம் இருக்கிறது?

எல்லாரையும் பார்க்க ஆசை என்றால் கோயிலில் ஒரு நாள் பெண் மாப்பிள்ளை பேரில் அன்னதானம் கொடுங்கள். அன்னதானத்துக்குப் பத்திரிகை கிடையாது. நாள் மட்டும் சொன்னால் போதும். யார் யாருக்கு எத்தனை இலை என்ற கணக்கும் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டைப் பார்த்தால் தெருவை மாற்றிப் போவதுதான் கடைசித் தவறு. நானும் ஒரு மாதம் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பெகுவுக்குப் போனேன். கூப்பிடாத வீட்டில் மொய் கொடுத்தால் வாங்கலாமா என்று கேட்பார்கள். கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், மறுப்பது இரண்டாவது அவமானம். நோட்டில் எழுதி வைத்து, அடுத்த விசேஷத்துக்கு முதல் பத்திரிகையை அங்கே வைக்க வேண்டும். அத்தை பெண்ணுக்கு ஒரு லுங்கித் துணியும் கவரும் கொடுத்தார். மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டு எழுந்ததும் லப்பே தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பழைய பர்மாவில் வழக்கு தீர்ந்தால் லப்பே தின்பார்களாம், தின்றால் தீர்ப்பை ஏற்றதாகக் கணக்கு. அத்தைக்கு அதெல்லாம் தெரியுமோ என்னவோ. நான் இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்தேன், அவரும் எடுத்தார்.

மென்றுகொண்டே கேட்டார்: "அந்தப் பூ, முழம் என்ன விலைக்குக் கொடுத்தா?"

சொன்னேன்.

"நல்லா ஏமாத்திட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாதி விலைக்கு வாங்கிக் கொடுத்திருப்பேன்."