இருபது லிட்டர் சுக்குக் காப்பிக்கு ஒரு இரும்பு ஸ்டாண்டு: வெல்டிங் இல்லாமல் நீங்களே பூட்டலாம்

டிசம்பர் வந்துவிட்டால் எங்கள் குமரி மாவட்டத்துப் பக்கம் கிறிஸ்துமஸ் கேரல் பாடும் குழுக்கள் வீடு வீடாக ஏறி இறங்கி முடிக்க நடுச்சாமம் ஆகிவிடும். திரும்பி வருகிற நாற்பது பேருக்கும் சுக்குக் காப்பி எங்கள் வீட்டு முற்றத்தில்தான். காய்ச்சுவது பெரிய வேலை இல்லை. கொதிக்கிற அண்டாவை இரண்டு பேர் துணி சுற்றிப் பிடித்து, சாய்த்து, வடிகட்டுவதுதான் உயிரைக் கையில் பிடித்துச் செய்கிற வேலை.

இதற்கு வழி தேடியபோது அகப்பட்டதுதான் வெளிநாட்டில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்களின் ஸ்டாண்டு. மூன்று அடுக்கு, ஒவ்வொன்றிலும் ஒரு பாத்திரம், ஒரு குழாய். மேலே இருப்பது தானாகக் கீழே இறங்கும். யாரும் எதையும் தூக்க வேண்டாம். அமெரிக்காவில் 1978இல் சட்டம் மாறியபின் வீட்டு பியர் ஒரு பொழுதுபோக்காகவே பரவியது. நம் ஊரில் 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, அந்த ஆசை வேண்டாம். ஸ்டாண்டுக்கு உள்ளே என்ன கொதிக்கிறது என்று தெரியாது. காப்பிக்கும் அது நன்றாகவே உழைக்கும்.

முதலில் நானும் அப்படியே ஆறடி உயரத்தில் மூன்று அடுக்காகப் பூட்டினேன். முதல் ராத்திரியே ஒரு பையன் ஸ்டூலில் ஏறி, தலைக்கு மேல் கொதிக்கிற தண்ணீரைக் கரண்டியால் கிளறினான். ஸ்டூல் லேசாக ஆடியது. அவ்வளவுதான், மறுநாளே கழற்றிவிட்டேன். இப்போது இருப்பது இரண்டே படி: மேல்படியில் கொதிக்கிற அண்டா, கீழ்ப்படியில் வடிகட்டிய காப்பி இறங்குகிற, குழாய் வைத்த டிரம். கொதிக்கிற பாத்திரத்தின் வாய் உங்கள் நெஞ்சு உயரத்தைத் தாண்டக் கூடாது. மற்ற அளவெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அளவைக் கீழிருந்து போடுங்கள்

எல்லோரும் அடுப்பிலிருந்து கணக்குப் போடுவார்கள். நீங்கள் தூக்குவாளியிலிருந்து ஆரம்பியுங்கள். காப்பி பிடிக்கிற தூக்குவாளி டிரம்மின் குழாய்க்குக் கீழே நிற்க வேண்டும். அதற்குக் கீழ்ப்படி 40 செ.மீ. உயரம் போதும். அதன்மேல் 25 லிட்டர் டிரம், உயரம் 35. ஆக, டிரம்மின் வாய் 75இல். கொதிக்கிற அண்டாவின் குழாய் இதற்கு மேலே இருந்தால்தான் காப்பி இறங்கும். மேல்படியை 65இல் வைத்து, அதில் 15 செ.மீ. உயர அடுப்பை ஏற்றினால் அண்டாவின் அடி 80இல் உட்காரும். குழாய் 84 வாக்கில் வரும். 34 செ.மீ. உயர அண்டா என்றால் வாய் 114. சரி, நெஞ்சுக்குக் கீழேதான்.

இரண்டு படியும் படிக்கட்டு மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒன்றின் தலைக்கு நேர் மேலே இன்னொன்று வேண்டாம்.

வாங்க வேண்டியவை

துளை போட்ட ராக் ஆங்கிள் (கடை அலமாரிக்குப் போடுகிற 'எல்' வடிவ இரும்புச் சட்டம்), பத்தடி நீளத்தில் நாலு. இரும்புக் கடையில் புதிதாகக் கிடைக்கும். மார்த்தாண்டம், கோட்டாறு பக்கம் ஆக்கர் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், தேடினால் பழைய கடை அலமாரியே கழற்றிய நிலையில் அகப்படலாம். கூடவே மூலைக்கு வைக்கிற முக்கோண பிளேட், 8 மி.மீ. போல்ட் நட்டு ஒரு பை, வாஷர். மேல்படிக்கு 45க்கு 45 கடப்பாக் கல் ஒன்று. பிளைவுட் போடலாமே என்று கேட்பீர்கள். அடுப்புக்கு அடியில் மரம் வேண்டாம்.

வெட்டும் கணக்கு: 65 செ.மீ. கால் நாலு, 40 செ.மீ. கால் இரண்டு, 45 செ.மீ. குறுக்குத் துண்டு பதினைந்து. கீழ்ப்படிக்கு இரண்டு கால்தான் சொந்தம். மற்ற இரண்டை மேல்படியிடமிருந்து கடன் வாங்கிக்கொள்கிறது. ஒரு நீளத்தில் 65கள் நாலும் அடங்கும், இரண்டு நீளத்தில் 45கள் ஆறு ஆறாக, மிச்சமெல்லாம் நாலாவதில். வெட்டிய முனை பிளேடு மாதிரி இருக்கும். அரத்தால் தேய்க்காமல் கை வைக்காதீர்கள்.

பூட்டுவது

எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். முழுச் சட்டமும் நின்றபிறகு, சமமான சிமென்டுத் தரையில் வைத்து, மூலை மட்டம் பார்த்து, அப்புறம் ஸ்பேனர். ஒரு மூலையை முதலிலேயே இறுக்கினால் கடைசி மூலையில் துளையும் துளையும் சேராது. சுத்தியலை எடுக்கத் தோன்றும். மேல்படியின் பின்பக்கம் குறுக்காக ஒரு துண்டு, பக்கவாட்டில் ஒரு இரும்புப் பட்டை போடுங்கள். இவை இல்லாவிட்டால் சட்டம் நிற்கும், ஆனால் தொட்டால் ஆடும்.

எடை: தண்ணீர் 20 கிலோ, அண்டாவும் அடுப்பும் சேர்த்து 10 என்று வையுங்கள். சோதனைக்கு மேல்படியில் ஒரு சிமென்டு மூட்டை வையுங்கள், 50 கிலோ. ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலையில் இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள்.

குளச்சல், முட்டம் மாதிரி கடலை ஒட்டிய இடம் என்றால் உப்புக்காற்று முதலில் போல்ட்டைத்தான் தின்னும். துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் ஒரு கோட், மேலே எனாமல் இரண்டு கோட். வெட்டிய முனைகளுக்கும் மறக்காமல் பூசுங்கள்.

அண்டாவில் குழாய்

30 லிட்டர் எவர்சில்வர் அண்டா, அரை அங்குல எவர்சில்வர் பால் வால்வு (உள்ளே உருண்டை சுழன்று திறக்கிற குழாய்), சிலிகான் வாஷர், நட்டு. சாதாரண ரப்பர் வாஷர் சூட்டில் நாறும். பித்தளைக் குழாயில் ஈயம் கலந்திருக்கலாம். துளை 21 மி.மீ., அடியிலிருந்து 4 செ.மீ. மேலே. படிப்படியாக அகலமாகிற ஸ்டெப் பிட்டை டிரில்லில் மாட்டி மெதுவாக ஓட்டி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் தகடு கருகாது. உள்ளே ஒரு வாஷர், வெளியே ஒன்று, மரையில் டெஃப்லான் டேப். பச்சைத் தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு மணி நேரம் பாருங்கள்.

குழாயின் கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருக்கும். தீ நேராக அதன்மேல் அடித்தால் உருகிச் சொட்டும், என்னுடையது சொட்டியது. கையகலத் தகரத்தை வளைத்து அடுப்புக்கும் குழாய்க்கும் நடுவில் மறைப்பாக வையுங்கள். அண்டாவிலிருந்து டிரம்முக்கு உணவுத்தர சிலிகான் குழாய் ஓரடி போதும். பி.வி.சி. கூடாது.

தீ

20 லிட்டரை 28 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கக் கிட்டத்தட்ட 6,000 கிலோஜூல் வேண்டும். பாதிச் சூடு காற்றில் போனாலும் கால் கிலோவுக்குச் சற்று மேலே கேஸ் ஆகும், அவ்வளவுதான். ஆனால் வீட்டு அடுப்பு பர்னரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். மூன்று கால் வார்ப்பிரும்பு அடுப்பு வாங்குங்கள். எந்த ரெகுலேட்டருக்கு உரியது என்று கடையில் கேட்டு, அதையே மாட்டுங்கள். சிலிண்டர் நேராக, தள்ளி நிற்கட்டும். கீழ்ப்படிக்கு அடியில் இடம் சும்மா கிடக்கிறதே என்று அங்கே தள்ளாதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் வேலை திறந்த முற்றத்தில் மட்டும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மூன்று பக்கம் தகரம் மறைத்து, அடியில் நாலு விரல் இடைவெளி விடுங்கள். தீக்கும் மூச்சு வேண்டுமே.

முதல் காய்ச்சல்

முதல் தடவை வெறும் தண்ணீர். கொதித்ததும் குழாயைத் திறந்து விட்டுவிடுங்கள். இரண்டாம் தடவை காப்பி: இடித்த சுக்கு 100 கிராம், மல்லி 100, நல்லமிளகு 25, ஒரு பிடி துளசி, கருப்பட்டி ஒன்றரைக் கிலோ. டிரம்மின் வாயில் துவைத்த புதுத் தோர்த்தை (மெல்லிய பருத்தித் துண்டு) இரண்டாக மடித்துக் கட்டுங்கள். காப்பி இறங்கி முடிந்ததும் அவிழ்த்துப் பாருங்கள்: சுக்கு நார், மல்லித் தொலி, அதற்கு நடுவே கருப்பட்டியில் வந்த ஓலைத் துணுக்கும் மணலும். இத்தனை வருஷம் இதில் பாதியைக் குடித்திருக்கிறோம்.

கழுவும்போது குழாயைப் பாதி திறந்த நிலையில் வைத்து வெந்நீர் ஊற்றுங்கள். பால் வால்வின் உருண்டைக்குப் பின்னால் கொஞ்சம் காப்பி எப்போதும் மாட்டிக்கொள்ளும். முழுசாகத் திறந்தால் அது வெளியே வராது. நான் விட்டுவிட்ட அன்றைக்கு, விடியும்போது முற்றத்துச் சுவரிலிருந்து குழாய் வரை எறும்பு வரிசை.