டேக் மாற்றும்போது எந்த வழியாக இணைப்பது? முதல் முறை வாங்குவோருக்கு ஒரு செய்முறை

"மக்களே, பின்னால இத்தன ஓட்ட இருக்கே, எதுல கொண்டு சொருகணும்?"

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் இருக்கும் என் சித்தப்பா, புது டேக்கை (DAC, டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றும் கருவி) பெட்டியிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்ததும் கேட்ட கேள்வி இது. பழையதில் கோஆக்ஸியல் துளை ஒன்றுதான் இருந்தது. புதியதில் யூஎஸ்பி, ஆப்டிக்கல், கோஆக்ஸியல், ப்ளூடூத், போதாததற்கு ஹெச்டிஎம்ஐ மாதிரி ஒன்று. அன்று சாயங்காலம் முழுக்க ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டுப் பார்த்தோம். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிடியிலும் செல்போனிலும் பாட்டு எண்களாகத்தான் இருக்கிறது. அதை மின் அலையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பது டேக். சிடி என்றால் நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலி அலையை அளந்து எழுதிய எண்கள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது இரண்டு பக்கம். ஆக நொடிக்கு 14,11,200 பிட். இந்த எண்களைக் கொண்டு சேர்க்கும் வேலையை நல்ல நிலையில் உள்ள எந்தக் கம்பியும் ஒழுங்காகச் செய்துவிடும். எண்களோடு ஒட்டிக்கொண்டு வேறு என்ன வருகிறது என்பதில்தான் வித்தியாசம். பக்கத்துக் கருவியின் மின் இரைச்சல் வரலாம். தாளமும் வரும். கச்சேரியில் தாளம் யார் கையில் இருக்கிறது என்பது முக்கியம் இல்லையா, அதுபோல எந்தக் கருவியின் கடிகாரப்படி எண்கள் ஒலியாகின்றன என்பது இங்கே முக்கியம்.

படி 1: எதிலிருந்து பாட்டு வருகிறது என்று எழுதுங்கள்

டேக் வாங்கும் முன்பே இதைச் செய்யுங்கள். சித்தப்பா வீட்டில் மூன்று: பழைய சிடி ப்ளேயர், டிவி, தம்பியின் லேப்டாப். ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்த்து, எந்த வெளியீடு இருக்கிறது என்று குறித்தோம். சிடி ப்ளேயரில் கோஆக்ஸியல், டிவியில் ஆப்டிக்கல், லேப்டாப்பில் யூஎஸ்பி. இந்தச் சீட்டோடு கடைக்குப் போனால், உங்களுக்கு வேண்டாத துளைகளுக்குப் பணம் கொடுக்க மாட்டீர்கள்.

படி 2: இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். எங்களுக்கு அன்று அதிக நேரம் பிடித்ததும் இதுதான்.

பாட்டு எதுவும் போடாமல், ஆம்ப்ளிஃபயரின் ஒலியைப் பாதிக்கு மேல் மெல்ல ஏற்றி, ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வையுங்கள். "ம்ம்ம்" என்று அடித்தொண்டையில் முனகுவதுபோலக் கேட்டால் அது பெரும்பாலும் எர்த் லூப். இரண்டு கருவிகள் இரண்டு வழியில் பூமியைத் தொடும்போது, அவற்றை இணைக்கும் கம்பியின் உறை வழியாகச் சிறு மின்சாரம் ஓடி முனகலாகக் கேட்கிறது. ஒலியைக் குறைத்துவிட்டு, கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கியதும் முனகல் நின்றால் வழி சார்ஜர். செட்டாப் பாக்ஸில் திருகியிருக்கும் கேபிள் ஒயரைக் கழற்றியதும் நின்றால், தெருவிலிருந்து வரும் அந்த ஒயரின் உறைதான் வழி.

சித்தப்பா வீட்டில் இரண்டாவது. டிவியின் அனலாக் ஒயர் நேராக ஆம்ப்புக்குப் போயிருந்தது, டிவியோடு செட்டாப் பாக்ஸ், அதோடு கேபிள் ஒயர். வருஷக்கணக்காக ஆம்ப்பில்தான் கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தார். "இத அப்பமே யாராச்சும் சொல்லியிருந்தா..." என்றார்.

ஒரு எச்சரிக்கை. முனகலை நிறுத்துவதற்காக மூணு முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைக்கவோ, டேப் சுற்றவோ கூடாது. அது உயிரைக் காக்கும் முள். இணைப்பை மாற்றுங்கள், எர்த்தைத் தொடாதீர்கள்.

படி 3: டிவிக்கு ஆப்டிக்கல்

ஆப்டிக்கல் வழி, டாஸ்லிங்க் என்ற பெயரில் தோஷிபா 1983-இல் கொண்டுவந்தது. ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள பிளாஸ்டிக் இழையில் சிவப்பு வெளிச்சமாக எண்கள் போகின்றன. இழையில் உலோகம் இல்லாததால் மின்சாரம் தாண்ட வழியே இல்லை. அனலாக் ஒயரைக் கழற்றிவிட்டு ஆப்டிக்கலை மாட்டினோம். முனகல் அந்த நொடியே நின்றது.

மாட்டும் முன் இரு முனையிலும் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்ற வேண்டும். புதியவர்கள் பலர் இதை மறக்கிறார்கள். டிவியில் போட்டு மறுமுனையைப் பார்த்தால் சிவப்பாக ஒளிர வேண்டும். பிறகு டிவியின் ஒலி அமைப்புக்குள் போய், டிஜிட்டல் வெளியீட்டைப் "பிசிஎம்" (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றுங்கள். டால்பி என்றே விட்டுவிட்டால், சாதாரண இரண்டு சேனல் டேக்குக்கு அது புரியாது. சத்தமே வராது, அல்லது கரகரக்கும். ஒயரை மூலையில் ஒடித்து மடக்காதீர்கள், அகலமாக வளைத்து விடுங்கள்.

ஒரு குறை உண்டு. ஆப்டிக்கலில் போகும் ஒலியைப் பெரும்பாலான டிவிகளின் ரிமோட் ஏற்றி இறக்காது. அது தொந்தரவாக இருந்தால் ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ கம்பி வழியே வெளியே அனுப்பும் வசதி) உள்ள டேக் வாங்கலாம். ரிமோட்டும் வேலை செய்யும். ஆனால் அது உலோகக் கம்பி. முனகல் உள்ள வீடு என்றால் அங்கே அது திரும்பி வரலாம். எனக்கு அமைதிதான் முதலில். சித்தப்பாவும் எழுந்து போய்க் குமிழைத் திருப்ப ஒத்துக்கொண்டார்.

படி 4: சிடி ப்ளேயருக்குக் கோஆக்ஸியல்

கோஆக்ஸியலும் ஆப்டிக்கலும் ஒரே மொழிதான் பேசுகின்றன. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த முறை அது. ஒன்று மின்சாரத்தில், இன்னொன்று வெளிச்சத்தில். கோஆக்ஸியல் ஒயருக்கு வேண்டிய முக்கியமான குணம் 75 ஓம் என்ற அளவு. வீட்டில் பழைய டிவிடி ப்ளேயரோடு வந்த மூன்று நிற ஒயர் கிடக்கிறதா? அதில் மஞ்சள் நிறம் படத்துக்கானது, அதுவும் 75 ஓம் கணக்கில் செய்யப்படுவதுதான். புதிது வாங்கும் முன் அதை மாட்டிப் பாருங்கள். நாங்கள் அதைத்தான் போட்டோம், என்.எஸ்.கே. பாட்டு ஒரு பிசிறும் இல்லாமல் வந்தது. என்.எஸ்.கே. நம்ம மாவட்டத்துக்காரர் என்ற பெருமையோடு, அவர் பிறந்த ஒழுகினசேரியைப் பற்றிச் சித்தப்பா அரைமணி நேரம் பேசினார்.

கடற்கரை வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மணவாளக்குறிச்சியோ குளச்சலோ, உப்புக் காற்றில் பிளக்கின் உலோகத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். பாட்டு நடுவில் டக் டக் என்று அறுந்தால் டேக்கைச் சந்தேகப்படுவதற்கு முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கருவியை அணைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

படி 5: லேப்டாப்புக்கு யூஎஸ்பி

இங்கேதான் தாளத்தின் கதை. கோஆக்ஸியலிலும் ஆப்டிக்கலிலும் எண்களுக்குள்ளேயே தாளம் கலந்து வருகிறது. அனுப்பும் கருவி போடும் தாளத்தை டேக் கேட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். அனுப்புகிறவருக்குத் தாளம் தடுமாறினால், அதைச் சரிசெய்ய டேக் உள்ளே உழைக்க வேண்டும். இப்போதைய டேக்குகள் இதை நன்றாகவே செய்கின்றன. ஆனாலும் "அசிங்க்ரனஸ்" யூஎஸ்பியில் நிலைமை தலைகீழ்: தாளம் டேக்கின் கையில் இருக்கும், கேட்ட வேகத்தில் லேப்டாப் எண்களைக் கொடுக்கும். வாங்கும்போது அந்தச் சொல் விவரத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

யூஎஸ்பி ஆடியோவின் முதல் தலைமுறை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸோடு (நொடிக்கு 96,000 மாதிரிகள்) நின்றுவிடும். இரண்டாம் தலைமுறை அதைத் தாண்டும். மேக்கிலும் லினக்ஸிலும் தனி டிரைவர் வேண்டாம். விண்டோஸ் 10-இல் 2017-இல் வந்த புதுப்பிப்பிலிருந்து இரண்டாம் தலைமுறைக்கும் தேவையில்லை. கம்பியை ஐந்து மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பியும் உலோகம்தான், சார்ஜரின் முனகல் இதில் ஏறும். தம்பி பாட்டு கேட்கும்போது சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுகிறான், அதோடு சரியாகிவிட்டது.

மீதி இரண்டும்

ப்ளூடூத் விருந்தாளிகளின் செல்போனுக்குப் போதும். அதில் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்ப முடியும். எல்டிஏசி என்ற உயர்தரச் சுருக்கும் முறையின் உச்சத்தில்கூட நொடிக்கு 990 கிலோபிட், சிடியின் அளவுக்குக் கீழே.

அந்த ஹெச்டிஎம்ஐ மாதிரித் துளைக்குப் பக்கத்தில் "ஐ2எஸ்" என்று பொறித்திருந்தால் டிவியை அதில் மாட்டாதீர்கள். வடிவம் மட்டும்தான் ஹெச்டிஎம்ஐ. எந்த முள்ளில் எது போக வேண்டும் என்பதற்குப் பொது விதி இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதற்கென்றே செய்த கருவி உங்களிடம் இல்லாவிட்டால் மூடியே வையுங்கள்.

படி 6: ஒரே பாட்டு, ஒரே ஒலி அளவு

எல்லாம் மாட்டியான பிறகு, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டைச் சிடியிலும் லேப்டாப்பிலும் மாறி மாறிக் கேளுங்கள். ஒலி அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், கொஞ்சம் சத்தமாக இருப்பது காதுக்கு எப்போதும் நன்றாகத்தான் தோன்றும். வித்தியாசமே தெரியவில்லையா? நல்லது, இரண்டு இணைப்பும் ஒழுங்காக இருக்கின்றன. விலையுயர்ந்த கம்பிக்கு வைத்திருந்த பணத்தை ஸ்பீக்கருக்குச் சேர்த்து வையுங்கள் என்றுதான் சித்தப்பாவிடமும் சொன்னேன்.

கடைசியாக இடி. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது, கோடையிலும் சாயங்கால இடி உண்டு. வானம் கறுத்ததும், இடி கேட்பதற்கு முன்பே டேக், ஆம்ப், டிவி எல்லாவற்றின் பிளக்கையும், கேபிள் ஒயரையும், யூஎஸ்பியையும், கோஆக்ஸியலையும் பிடுங்கிவிடச் சொல்லியிருக்கிறேன். ஆப்டிக்கலை மட்டும் அப்படியே விட்டுவிடலாம்.