கருவளையத்தை முழுசாக அழிக்க வேண்டாம்

போட்டோஷாப்பில் கண்ணுக்குக் கீழுள்ள கருவளையத்தைச் சரிசெய்யும்போது, புதிதாக ஒரு காலி லேயரை (படத்தின் மேல் விரித்த கண்ணாடித் தாள் மாதிரி) சேர்த்து, ஹீலிங் பிரஷ்ஷின் (நல்ல தோலை எடுத்துப் பூசி, சுற்றியுள்ள நிறத்தோடு கலந்துவிடும் கருவி) சாம்பிள் அமைப்பை ‘கரன்ட் அண்ட் பிலோ’ (இந்த லேயரிலும் அடியிலுள்ளவற்றிலும் இருந்து எடு) என்று மாற்றி, அந்த லேயரிலேயே வேலை செய்யுங்கள். முடித்ததும் லேயரின் ஒப்பாசிட்டியை (அடியிலுள்ளதை எவ்வளவு மறைக்கிறது என்ற அளவை) 50-60 சதவீதத்துக்கு இறக்குங்கள்.

அடியிலுள்ள நிஜத் தோலும் மடிப்பும் பாதி தெரிவதால் முகம் மெழுகுப் பொம்மை ஆகாது. அசல் படத்திலும் கை வைக்கவில்லை. பார்ப்பவர் ‘இன்னும் கொஞ்சம்’ என்றால் (எப்படியும் சொல்வார்கள்) ஸ்லைடரை நகர்த்தினால் போதும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

பருவுக்கு இது சரிவராது. அரைகுறையாக மறைத்த பரு இன்னும் அசிங்கமாகத் தெரியும்; அதைத் தனி லேயரில் 100 சதவீதத்திலேயே விடுங்கள். இமையோரம், முடியோரம் என்றால் ஹீலிங் பிரஷ் பக்கத்து நிறத்தை இழுத்து அப்பிவிடும். அங்கே நிறத்தைக் கலக்காமல் அப்படியே நகலெடுக்கும் குளோன் ஸ்டாம்ப்தான்.