ஹோம்ஸுக்கு ஆட்டிசம்னு எழுதுறதுக்கு முன்னாடி

போன மாசம் எங்க வாசிப்பு வட்டத்துல ஒரு தம்பி ஷெர்லாக் ஹோம்ஸ் பத்தி பேசினான். நல்லா தயார் பண்ணிட்டு வந்திருந்தான், 4 நாவல் 56 சிறுகதை மொத்தமும் படிச்சிருக்கான். கையில ஒரு பட்டியல். பூமி சூரியனைச் சுத்துதுங்கிறதே ஹோம்ஸுக்குத் தெரியாது, 140 வகை புகையிலைச் சாம்பல் பத்தி தனியா கட்டுரை எழுதியிருக்கார், வாட்சனை விட்டா ஃப்ரெண்டு கிடையாது, ஒரு கேஸ்ல இறங்கிட்டா சோறு தண்ணி மறந்துடும்... ஒவ்வொன்னுக்கும் ஒரு டிக் போட்டு கடைசில "ஆகவே ஆட்டிசம்"னு முடிச்சான். எனக்கு சிரிப்பும் வந்துச்சு, கூச்சமாவும் இருந்துச்சு, ஏன்னா ஆறு வருஷம் முன்னாடி அதே வட்டத்துல ஏறக்குறைய அதே பட்டியல வாசிச்சது நான்தான்.

அது கற்பனை ஆளு, நீ டாக்டர் இல்லங்கிறதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அத விட்டுடுறேன். இப்படி எழுதும்போது நாம வழக்கமா சறுக்குற இடங்கள மட்டும் ஒவ்வொன்னா சொல்றேன்.

எந்த ஹோம்ஸ்?

கானன் டாயில் எழுதின ஆளு வேற, 2010ல பிபிசில ஆரம்பிச்ச ஷெர்லாக் வேற. அந்த சீரியல்ல பாஸ்கர்வில் எபிசோட்ல வாட்சன் வாயிலயே ஆஸ்பர்ஜர்ங்கிற வார்த்தை வரும், ஆட்டிசத்துல ஒரு வகைக்கு அப்ப இருந்த பேர் அது. அத தூக்கிட்டு வந்து 1887ல வந்த நாவலுக்கு சாட்சியா வைக்காதீங்க.

திமிரா பேசுறது

அறிகுறி இல்ல. திமிர்.

தோதான சீனை மட்டும் பொறுக்குறது

இதுதான் இன்னைக்கும் எனக்கு எரிச்சல் வர்ற விஷயம், என் மேலயும் சேர்த்துதான். அன்னைக்கு நான் வாசிச்சு முடிச்சதும் வட்டத்துக்கு வர்ற ஒரு அக்கா, நாப்பது வயசுக்கு மேலதான் அவங்களுக்கு ஆட்டிசம்னு தெரிய வந்துச்சு, மெதுவா கேட்டாங்க: "மில்வர்ட்டன் கதைய ஏன்பா விட்டுட்ட?"

படிக்காம விடல. என் பட்டியலுக்கு ஒத்து வரலன்னு விட்டேன். 1904ல வந்த கதை அது. பிளாக்மெயில் பண்ற மில்வர்ட்டனோட வீட்டு அமைப்பு ஹோம்ஸுக்குத் தெரியணும். அதுக்கு எஸ்காட்னு பேர் வச்சுகிட்டு பிளம்பர் வேஷம் போட்டு அந்த வீட்டு வேலைக்காரப் பொண்ணு கூட தினம் சாயங்காலம் நடந்து போய் பேசிப் பேசியே கல்யாணம் நிச்சயம் பண்ற வரைக்கும் கொண்டு போயிடுறார். வாட்சன் பதறிப்போய் அந்தப் பொண்ணு கதி என்னன்னு கேக்குறார், ஹோம்ஸ் தோளக் குலுக்கிட்டு அவளுக்கு இன்னொருத்தன் காத்துகிட்டு இருக்கான், நான் திரும்பினதும் அவன் புகுந்துடுவான்னு சொல்றார். மனுசங்கள படிக்கத் தெரியாத ஆளுன்னு பத்து நிமிஷமா நான் பேசினது இந்த ஆளப் பத்திதான்!

வெக்கத்துல உடனே அந்தப் பக்கம் தாவினேன். "அப்ப ஹோம்ஸுக்கு ஆட்டிசம் இல்லக்கா"ன்னேன். அவங்க சிரிச்சாங்க. "பதினஞ்சு வருஷம் ஆபீஸ்ல மத்தவங்க எப்ப சிரிக்கிறாங்கன்னு பாத்து பாத்து நானும் சிரிச்சேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்தா பேச தெம்பு இருக்காது. அதுவும் வேஷம்தானே?" மாஸ்கிங்னு சொல்றாங்களே, அதுதான். ஆக அந்த ஒரு சீன வச்சு ஆமாவும் சொல்லலாம், இல்லவும் சொல்லலாம், ரெண்டு தடவையும் நான் ரொம்ப உறுதியா சொல்லியிருக்கேன்.

அப்புறம்தான் உறைச்சது, நான் ஹோம்ஸை ஏதோ பீரோவுல மெடிக்கல் ஃபைல் இருக்குற ஆளு மாதிரி நினைச்சிருக்கேன். வாட்சனுக்குப் போர்ல பட்ட குண்டு முதல் நாவல்ல தோள்ல இருக்கும், 1890ல வந்த ரெண்டாவது நாவல்ல கால்ல இருக்கும். டாயில் மறந்துட்டார், அவ்ளோதான். குண்டுக்காயமே தோள்ல இருந்து காலுக்கு இறங்குற உலகத்துல, ஹோம்ஸ் ஒரு கதையில கூச்சமில்லாம பழகுறதும் இன்னொன்னுல நாள்கணக்கா சோபாவுல படுத்து கெடக்குறதும் அந்தந்த கதைக்கு வேணும்னு எழுதினது. மனநலப் பிரச்சனைகள அடையாளம் காண டாக்டருங்க வச்சிருக்குற டிஎஸ்எம்-5ங்கிற கையேட்டுல ஆட்டிசம்னு சொல்ல, அறிகுறி சின்ன வயசுலயே இருந்திருக்கணும், அன்றாட வாழ்க்கைய பாதிச்சிருக்கணும். அதனாலதான் அம்மா அப்பாவ கூப்பிட்டு எப்ப பேச ஆரம்பிச்சான், எப்படி விளையாடுவான்னு கேக்குறாங்க. ஹோம்ஸோட அம்மாவ எங்க போய் கேக்குறது? ஏழு வயசு மூத்த அண்ணன் மைக்ராஃப்ட், வெர்னேங்கிற பிரெஞ்சு ஓவியரோட தங்கச்சி இவருக்குப் பாட்டி, இத தாண்டி குடும்பத்தப் பத்தி டாயில் எழுதினது ரொம்பக் கம்மி. நிஜ ஆளுகிட்ட தெரியாததுன்னா தேடினா கிடைக்கலாம், இங்க தேடுறதுக்கே ஒன்னும் கிடையாது.

தம்பிகிட்ட மில்வர்ட்டன் பத்தி கேட்டேன். அவனும் விட்டிருக்கான்.

கணக்குப் புலின்னா ஆட்டிசம்

ஆட்டிசம் இருக்குற ஒருத்தர கணக்குப் புலியா காட்டின ரெயின் மேன் படம் 1988ல பண்ணின வேலை. அந்தப் படத்துக்குத் தூண்டுதலா இருந்த கிம் பீக்குக்கே ஆட்டிசம் இல்லன்னுதான் பின்னாடி சொன்னாங்க.

"அந்தக் காலத்துல ஆட்டிசமே இல்ல"

பேருதான் இல்ல. ஆட்டிசத்த தனியா விவரிச்ச டாக்டர் லியோ கானரோட கட்டுரை 1943லதான் வந்துச்சு, டாயில் 1930லயே போயிட்டார். பேர் வைக்கிறதுக்கு முன்னாடியும் அப்படி மனுசங்க இருந்தாங்க.

ஆஸ்பர்ஜர்னு ஒட்டுறது

2013ல டிஎஸ்எம்-5 அத தனிப் பேரா வைக்காம ஆட்டிசம் ஸ்பெக்ட்ரத்துல சேர்த்துடுச்சு. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் ஹான்ஸ் ஆஸ்பர்ஜர்ங்கிற டாக்டர். நாஜி காலத்துல வியன்னாவுல குழந்தைங்கள கொன்ன ஸ்பீகல்கிரண்டுங்கிற ஆஸ்பத்திரிக்கு அவர் சில குழந்தைங்கள அனுப்பினது 2018ல ஆவணத்தோட வெளிய வந்துச்சு. தங்கள அப்படிச் சொல்லிக்கிறவங்க சொல்லிக்கட்டும், அது அவங்க இஷ்டம்.

"இவன் என்னை மாதிரி"ன்னு சொல்றவங்கள திருத்தப் போறது

போகாதீங்க. அது டயக்னோசிஸ் இல்ல, வேற விஷயம். கம்யூனிட்டிங்கிற அமெரிக்க சீரியல்ல அபெட்னு ஒரு பையன், அவனுக்காக ஆஸ்பர்ஜர் பத்தி தேடிப் படிச்ச டான் ஹார்மன், அத எழுதினவரே, இதெல்லாம் நான்தானேன்னு உணர்ந்ததா பேட்டில சொல்லியிருக்கார்.

அந்த அக்காவுக்கு ஹோம்ஸ் அவ்வளவா பிடிக்காது. மைக்ராஃப்ட்தான் பிடிக்கும். அவர் போற டயோஜனீஸ் கிளப்ல யாரும் யாரையும் கண்டுக்கக் கூடாது, விருந்தாளிங்க ரூம் தவிர எங்கயும் பேசக் கூடாது, மூணு தடவை பேசி மாட்டினா மெம்பர்ஷிப்பே போயிடும். "சந்தா எவ்ளோன்னு மட்டும் அந்த ஆளு எழுதாம விட்டுட்டார்பா"ன்னாங்க.