சயனோடைப்: நீலம் வெளிறினால்

புதுச்சேரி, கடலூர் பக்கம் சயனோடைப் அச்சு (இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளை வெயிலில் காட்டி, தண்ணீரில் கழுவி எடுக்கும் நீலப் படம்) கழுவும்போதே நீலம் வெளிறினால், ரசாயனத்தைக் குறைசொல்லும் முன் தண்ணீரைப் பாருங்கள். படத்தின் நிறமியான பிரஷ்யன் நீலத்துக்குக் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) ஆகாது. போர்வெல் தண்ணீரில் அது இருக்க வாய்ப்பு அதிகம். முதல் கழுவலில் லிட்டருக்கு 2 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் நீலம் நிற்கும். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம்: பூச்சில் இருக்கும் ஃபெரிசயனைடோடு சேர்ந்தால் நச்சு வாயு வரலாம்.

தாளில் பூசும் கரைசலுக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். 100 மி.லி.யில் பச்சை ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம். வேறு பாட்டிலில் 100 மி.லி.க்கு பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம். பூசும் நேரத்தில் சம அளவு கலக்கவும். கலவை மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கணும். உடனே நீலம் தட்டினால் சிட்ரேட் வெளிச்சம் பார்த்திருக்கிறது, அல்லது பிரஷ்ஷின் இரும்புப் பட்டை கரைசலில் பட்டிருக்கிறது.

சிட்ரேட்டில் பூஞ்சை வரும், நம்மூர் வெக்கையில் சீக்கிரமே. காபி ஃபில்டர் தாளில் வடிகட்டினால் போதும், கொட்ட வேண்டியதில்லை.

ஐப்பசி மழையில் பூசிய தாளைச் சேர்த்து வைக்காதீர்கள். ஈரம் இருந்தால் இருட்டிலேயே நீலம் படரும். அன்றே அச்சிடுங்கள்.

கைத்தாள் வாங்கினால் மூலையில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் உள்ளே சுண்ணாம்பு. அந்தத் தாளில் நீலம் தங்காது.