திருகோணமலையிலிருந்து வானூர்திப் பொறியியல் முதுமாணிக்கு

விமானப் பராமரிப்பு லைசென்ஸும் பொறியியல் பட்டமும் ஒன்றல்ல. லைசென்ஸ் ஹேங்கர் வேலைக்கு உதவும். முதுமாணிக்குக் கேட்பது நாலு வருஷப் பொறியியல் பட்டம். ரத்மலானை கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியலே இருக்கிறது. மொறட்டுவையிலோ பேராதனையிலோ இயந்திரப் பொறியியல் முடித்தவர்களும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்; பாய்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல் புள்ளிகளை உன்னிப்பாகப் பார்ப்பார்கள்.

நாட்டைப் பிறகு பாருங்கள். காற்றியக்கவியலா, கட்டமைப்பா, உந்துவிசையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் 1 வருஷம், நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 2 வருஷம். ஆராய்ச்சிக்குப் போகிற எண்ணம் இருந்தால் 2 வருஷமே நல்லது.

நோக்கக் கடிதத்தில்தான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். ‘சின்ன வயசில் சீனக்குடாவில் விமானம் இறங்குவதைப் பார்த்தேன்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். அதே சீனக்குடாவைக் கணக்காக எழுதுங்கள். கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸில் காற்றின் அடர்த்தி கனமீற்றருக்கு 1.225 கிலோ, நம் ஊர் 30 பாகையில், அதே அமுக்கத்தில், 1.165 அளவு. அதே வேகத்தில் தூக்குவிசை 5 வீதம் குறையும். எஞ்சின் வலுவும் குறைவதால் ஓடுபாதையில் ஓட்டம் இன்னும் நீளும்.

கூடவே ஒரு சின்னச் செயற்றிட்டம் வையுங்கள். இறக்கை வடிவத்தைச் சுற்றிப் போகும் காற்றோட்டத்தைக் கணக்கிடும் எக்ஸ்ஃபாயில் மென்பொருள் இலவசம். 20 சென்ரிமீற்றர் நாண் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான அகலம்) கொண்ட ட்ரோன் இறக்கை, செக்கனுக்கு 15 மீற்றர் வேகம் என்றால், இந்த வெக்கையில் ரெனோல்ட்ஸ் எண் (காற்றின் சடத்துவ விசைக்கும் பாகு விசைக்கும் உள்ள விகிதம்) சுமார் 190,000. நாகா 0012 என்ற சமச்சீர் இறக்கை வடிவத்தைப் பாகுநிலை (காற்றின் உள்ளுராய்வு) இல்லாமல் ஓட்டினால் இறக்கையின் சாய்கோணம் கூடக் கூட, தூக்குக் குணகம் பாகைக்கு 0.12 அளவில் ஏறிக்கொண்டே போகும், ஸ்டாலே (தூக்குவிசை திடீரென விழுவது) வராது. பலர் அந்த வரைபடத்தை அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். பாகுநிலையைப் போட்டு, ரெனோல்ட்ஸ் எண்ணையும் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். மேற்பரப்பில் காற்றோட்டம் பிரிந்து திரும்ப ஒட்டும் குமிழ் தெரியும். அதை இரண்டு பக்கத்தில் விளக்க முடிந்தால், உங்களுக்குப் பாடம் விளங்கியிருக்கிறது என்று வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

பரிந்துரைக் கடிதத்தை இறுதியாண்டு ஆய்வை மேற்பார்த்த விரிவுரையாளரிடம் கேளுங்கள். பெரிய பதவியில் இருப்பவர் எழுதும் பொதுவான நாலு வரி உதவாது. ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு 2 வருஷத்துக்குத்தான் செல்லும், அவசரப்பட்டு எழுத வேண்டாம்.

இங்கிலாந்து விசாவுக்குக் காட்டும் காசு தொடர்ந்து 28 நாள் வங்கியில் கிடக்க வேண்டும், அதுவும் உங்கள் கணக்கில் அல்லது அப்பா அம்மாவின் கணக்கில். கனடா மாமாவின் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் சேராது. அவர் தருவதாக இருந்தால் முன்கூட்டியே உங்கள் கணக்குக்கு வாங்கிவிடுங்கள். இடையில் ஒருநாள் மீதி குறைந்தாலும் 28 நாளைப் புதிதாக எண்ண வேண்டியிருக்கும்.