சிலரி பம்பு கிளாண்ட் ஒழுகல்: என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்துக்கு அருகே, ஈய மணல் கழுவும் ஆலையில் நான் ஃபிட்டர். மணல் கலந்த நீரை இறைக்கும் சிலரி பம்பின் கிளாண்ட், அதாவது சுழலும் ஷாஃப்ட் (தண்டு) வெளியே வரும் இடத்து அடைப்பு, ஓயாமல் ஒழுகியது. கிளாண்ட் நட்டை இறுக்கினால், ஷாஃப்டைச் சுற்றி அடைத்திருக்கும் கயிறு போன்ற பேக்கிங் கருகியது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கழற்றினேன்: ஷாஃப்டைக் காக்கும் உறையான ஷாஃப்ட் ஸ்லீவில் மணல் அறுத்த பள்ளங்கள். சரி, கிளாண்டுக்குப் போகும் தண்ணீரின் அழுத்தத்தை அளந்தேன். பம்புக்குள் இருப்பதைவிடக் குறைவு! அப்படியானால் நல்ல தண்ணீர் உள்ளே போகாது, மணல்தான் பேக்கிங்குக்குள் வரும். தண்ணீர்க் குழாயின் ஃபில்டர் அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து, ஸ்லீவை மாற்றினேன். அப்புறம் லேன்டர்ன் ரிங், பேக்கிங்கைச் சுற்றித் தண்ணீரைப் பரப்பும் துளையுள்ள வளையம். அது தண்ணீர்த் துளைக்கு நேராக நிற்க வேண்டும், பலர் இதைக் கவனிப்பதில்லை. பேக்கிங் வளையங்களின் வெட்டு முனைகள் ஒன்றுக்கொன்று நேராக வராதபடி 90 டிகிரி தள்ளித் தள்ளி வைத்தேன். நட்டைக் கையால் மட்டும் இறுக்கி, பம்பை ஓடவிட்டு, சொட்டுச் சொட்டாக வடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். அந்தச் சொட்டை நிறுத்தாதீர்கள், பேக்கிங்கைக் குளிர வைப்பது அதுதான்.